கொண்டைக்குருவியைக் காட்டி வாங்கிய நாட்கள்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையை அகலப்படுத்தியபோது, எங்கள் நிலத்தோரம் நின்ற குடைப்பனையும் அளவுக்கல்லுக்கு உள்ளே போய்விட்டது. குடைப்பனை ஆயுளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும். காய் பழுத்து உதிர்ந்ததும் பட்டுப்போகும். எங்கள் பக்கத்தில் வேறெங்கும் அந்த மரத்தை நான் பார்த்ததில்லை. அது காய்த்திருந்தது. காய் முற்ற இன்னும் சில வாரங்கள் வேண்டும்.

அதற்குள் ஒரு காலையில் ஜேசிபி வந்துவிட்டது. ஓடிப்போய் மரத்தடியில் நின்றேன்.

"ஓரமா போங்கக்கா. இன்னிக்கே சாய்க்கச் சொல்லிட்டாங்க," என்றார் டிரைவர்.

"காய் முத்தலீங்க. ஒரு மாசம் பொறுங்க."

"எப்பிடியும் சாவப்போற மரந்தானுங்களே!"

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். "நெலத்த நாமதான கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம். வூட்டுக்கு வா."

வண்டி உறுமிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. அப்போது அடிமரத்தில் படர்ந்திருந்த கோவைக்கொடியிலிருந்து ஒரு கொண்டைக்குருவி அலறியபடி பறந்தது. இலையை விலக்கினேன். கூட்டில் கண் திறக்காத மூன்று குஞ்சுகள்.

"இதையாவது பாருங்க!" என்று கத்தினேன்.

டிரைவர் இறங்கி வந்து எட்டிப்பார்த்தார். முகமே மாறிவிட்டது. "ஐயோ, பச்சப்புள்ளைங்க. பறக்கட்டுங்கக்கா. அதுவரைக்கும் அந்தாண்ட வேலை பாத்துக்கறேன்."

நிம்மதியோடு எரிச்சலும் வந்தது. கொண்டைக்குருவி எங்கள் வேலியில் வருடா வருடம் கூடு கட்டும். ஒரே தடவை காய்த்த மரத்துக்கு இரங்க ஆளில்லை.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்க முளைக்க நான் நாட்களை எண்ணினேன். மெதுவாக வளரக்கூடாதா என்று தோன்றும். பாம்பு தின்றுவிடுமோ என்றும் பயமாக இருக்கும். பத்தாம் நாளே பறந்துவிட்டன. டிரைவர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் இல்லீங்க," என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவரே வந்து கொடியை விலக்கினார். கூடு காலியாக இருந்தது.

"எப்பக்கா பறந்துச்சு?"

"போன வாரங்க."

அவர் திட்டவில்லை. தலையைத் தூக்கி முதல்முறையாக அந்தக் காய்க்குலையைப் பார்த்தார். "நாளைக்கு மேல என்னால நிறுத்த முடியாது. உங்க உழுத காட்டுப் பக்கமா சாய்க்கறேன். காய் நசுங்காது."

சொன்னபடியே செய்தார். மரம் விழுந்தபோது என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கோணிப்பை எடுத்து வந்து என்னோடு உட்கார்ந்து பொறுக்கினார். பெரும்பாலும் இளங்காய், கொஞ்சத்தில்தான் பருப்பு இறுகியிருந்தது.

நட்டதில் அடுத்த வருடம் நான்கு முளைத்தன. இரண்டு கருகிவிட்டன. மற்ற இரண்டுக்கும் என் வீட்டுக்காரர் முள்வேலி கட்டியிருக்கிறார்.