தரையைப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்த ஷஹாத்தா

கண்ணை மூடிக்கொண்டு, காலுறையையும் கழற்றிவிட்டு, அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உஸ்தா ஷஹாத்தா உலாவிக்கொண்டிருக்கிறார். இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. வீட்டுக்கார அம்மாள், தெரியாத்தனமாகப் பேயோட்டுகிறவனைக் கூப்பிட்டுவிட்டோமோ என்று சமையலறை வாசலில் நின்று முழிக்கிறாள். பால்கனிக் கதவருகே வந்ததும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிடுகிறார். "இது தரையா, கடலாம்மா? இந்த இடத்துல வலை வீசினா ரெண்டு கிலோ மீன் கிடைக்கும்."

கெய்ரோவின் பழைய கட்டடங்களில் மரத்தரையைத் தேய்த்து மட்டமாக்கி மெருகேற்றுவது அவர் தொழில்; உஸ்தா என்றால் அங்கே மேஸ்திரி. ரசமட்டம் ஒன்று வைத்திருக்கிறார். தேநீர்க் குவளையை அதன்மேல்தான் வைப்பார். மேடு பள்ளம் பார்ப்பதெல்லாம் உள்ளங்கால்தான். மூட்டைப் பூச்சி நசுங்கிய தடம்கூட அந்தக் காலுக்குத் தெரியும் என்று சக தொழிலாளிகள் கேலி செய்வார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் ஆணித்தலைகளை உள்ளே தட்டி இறக்குவார். பிறகு சொரசொரப்பான உப்புத்தாளை மெஷினில் மாட்டிப் பலகைகளுக்குக் குறுக்கே சாய்வாக ஓட்டுவார். மேடெல்லாம் அடங்கியதும் நயமான தாள்; இந்த முறை பலகை போகிற வாக்கிலேயே. மெஷின் ஓடும்போது பூகம்பமே வந்தாலும் நிற்கமாட்டார், நின்ற இடத்தில் குழி விழுந்துவிடும். அவரோடு பேச வேண்டுமானால் கூடவே நடக்க வேண்டியதுதான். ஒரு வக்கீல் தன் கட்சிக்காரரைத் தொலைபேசியில் சமாதானப்படுத்தியபடி, நடுநடுவே இவரிடம் வார்னிஷ் நிறம் பற்றி வாதாடிக்கொண்டு, மத்தியானம் முழுக்க முன்னும் பின்னும் நடந்திருக்கிறார். அன்றைக்கு வக்கீலுக்குக் கால் வீங்கிவிட்டது.

இடுக்குகளை அடைக்க அந்த வீட்டு மரத்தூளையேதான் வார்னிஷில் குழைப்பார். வேறு வீட்டுத் தூள் ஆகாது. "யார் வீட்டு ரத்தத்தையோ இவங்களுக்கு ஏத்தச் சொல்றீங்களா?" என்பார். சாயங்காலம் இம்பாபாவில் தன் சிமெண்டுத் தரை வீட்டுக்குத் திரும்பும்போது காது, மூக்கு, புருவம் எல்லாவற்றிலும் தூள். மனைவி இன்ஷிராஹ் அவரை வாசலிலேயே நிறுத்தி, ஜமுக்காளத்தைத் தட்டுவதுபோல் தட்டித்தான் உள்ளே விடுவாள்.

இதெல்லாம் தொழில், சரி. ஆனால் மனிதர் விருந்துக்குப் போன இடத்திலும் சும்மா இருப்பதில்லை, அங்கேதான் தொல்லை. மகள் ரபாபுக்கு இரண்டு சம்பந்தங்கள் இதனாலேயே கெட்டுப்போயின. முதல் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே சோபாவுக்கு அடியில் புகுந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்து, "எந்தக் கசாப்புக்காரன் தேய்ச்சான் இத?" என்று கேட்டார். எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் அந்தக் கசாப்புக்காரன். இரண்டாவது வீட்டில், சம்பந்தத்தை உறுதி செய்ய ஃபாத்திஹா ஓதக் கையேந்தியவர்களை எல்லாம் எழுப்பிவிட்டுக் கம்பளத்தைச் சுருட்டச் சொன்னார்.

மூன்றாவதாக ஹிஷாம் வந்தான். மருந்துக்கடையில் ரபாபோடு வேலை பார்க்கிற பையன். "அப்பா, எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. இதையும் கெடுத்துடாதீங்க" என்று ரபாப் நேராகவே சொல்லிவிட்டாள். ஷஹாத்தா உடனே, அந்த வீட்டில் தரையைப் பார்ப்பதே இல்லை என்று அல்லாஹ்மேல் சத்தியம் செய்தார்.

முறைப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். மகள் குடியேறப்போகிற வீட்டைப் பார்க்காமல் ஃபாத்திஹா கிடையாது என்று இன்ஷிராஹ் இந்த முறையும் பிடிவாதம் பிடித்ததால், ஒரு வெள்ளிக்கிழமை இவர்கள் அப்பாஸியாவில் இருந்த ஹிஷாம் வீட்டுக்குப் போனார்கள். மாடிப்படியில் அவள் கடைசியாக ஒருமுறை எச்சரித்தாள்.

"உள்ள போனதும் மேல பாருங்க. விளக்கப் பாருங்க, விசிறியப் பாருங்க. கீழ மட்டும் பார்த்தீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

"அண்ணன் வீட்டுத் தரையும் சரியில்ல."

"ரபாப் அப்பா."

"சரி, சரி."

மோவாயைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். பார்வை விட்டத்தில். ஆனால் காலை என்ன செய்வது? ஜோட்டையும் தாண்டி அது படித்துக்கொண்டே போயிற்று. எப்போதோ குழாய் உடைந்து தண்ணீர் நின்று, பலகையெல்லாம் ஓரம் தூக்கிக் கிடக்கிற தரை. வாசலில் ஒரு மேடு, அதை ஒட்டிப் பள்ளம், மறுபடி மேடு. அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"கழுத்துப் பிடிப்பா? தைலம் இருக்கு, தரட்டுமா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா சனிய்யா.

"வேணாம்மா. உங்க வீட்டு விட்டம் ரொம்ப அழகு."

நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலி ஆடவில்லை. இந்தத் தரையில் நான்கு கால் உள்ள எதுவும் ஆடாமல் நிற்க நியாயமே இல்லை. இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார். ஊஹூம். மலைபோல நின்றது.

ரோஜா சர்பத் வந்தது. சம்பந்தியம்மாளோடு பேச வசதியாக இன்ஷிராஹ் தன் நாற்காலியை ஒரு சாண் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், நாற்காலி தொட்டிலாக ஆடி, சர்பத் முழுக்க அவள் மடியில். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மாப்பிள்ளையின் அப்பா முன்ஸிஃப் பதறி எழுந்தார்.

"நகத்தாதீங்கம்மா. அது அந்த இடத்துல மட்டும்தான் நிக்கும்."

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. மனிதர் தரையைத் தொடவில்லை, நாற்காலிகளை அறுத்திருக்கிறார். மேசை, சோபா, புத்தக அலமாரி என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்தி, எந்தக் கால் உயரமோ அதை ரம்பத்தால் ஒரு நூல், அரை நூல் என்று குறைத்து, கல்யாணமான நாளிலிருந்து இதே வேலை. "காகிதத்த மடிச்சு அடியில சொருகுறது சோம்பேறி வேலை" என்றார் பெருமையாக. அதோடு விட்டிருக்கலாம். "உங்க பொண்ணோட சீர்க் கண்ணாடி அலமாரியும் இங்கதானே வரப்போகுது. வரட்டும், ரம்பத்துக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்."

ரபாப் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இன்ஷிராஹ் ஒவ்வொரு குவளையாகச் சேர்த்தது அந்த அலமாரிக்காகத்தான். அந்தக் குவளைகளில் தண்ணீர்கூட ஊற்ற விடாதவள் அவள். ஈர மடியோடு மெதுவாகத் திரும்பினாள்.

"ரபாப் அப்பா. கீழ பாருங்க."

நோன்பு திறக்கிறவர் முதல் வாய்த் தண்ணீரைக் குடிப்பதுபோல் ஷஹாத்தா கீழே பார்த்தார். அடுத்த நொடி முட்டிபோட்டுவிட்டார். "ரெண்டே நாள் சம்பந்தி. கண்ணாடி மாதிரி ஆக்கித் தந்துடுறேன்."

"தரைய மட்டமாக்கினா என் சாமான் பூரா நொண்டிடுமே" என்றார் முன்ஸிஃப். "அறுத்த கால வளர்க்க முடியுமா?"

"அலமாரி நிக்கிற மூலைய மட்டும் தேய்க்கலாமே" என்று ஹிஷாம் வாயைத் திறந்தான்.

"மூலைய மட்டும் தேய்ச்சா அது தொட்டி, தம்பி. மீன் வளர்க்கலாம்."

"அலமாரிக் கால் பெருசா, மருமக பெருசா?" என்று கேட்டாள் சனிய்யா.

"நாற்காலிக் கால் பெருசான்னு நானும் கேட்கலாம்ல?" என்றாள் இன்ஷிராஹ்.

ஃபாத்திஹா ஓதக் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரபாப் அழவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்து அதன் வாரைச் சுருட்டிக்கொண்டாள், கிளம்பிப் பழகியவள் மாதிரி. முட்டி போட்டிருந்த ஷஹாத்தா அதைப் பார்த்துவிட்டார்.

"ரபாப், கிறுக்க ஏதாச்சும் வெச்சிருக்கியாம்மா?"

அவள் கைப்பையைத் திறந்து புருவம் தீட்டுகிற பென்சிலை நீட்டினாள். நல்ல சட்டை போட்டிருப்பதை மறந்து ஷஹாத்தா குப்புறப் படுத்தார். முன்ஸிஃப் மறுபடி உட்கார்ந்திருந்த நாற்காலியின் முன்னங்காலைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டார்.

"இந்த வட்டத்துக்குள்ள என் மெஷின் வராது. சுத்தி இருக்கிறதத்தான் இறக்குவேன். உங்க சாமான் நிக்கிற இடமெல்லாம் இப்ப இருக்கிற உயரத்துலயே இருக்கும், ஒண்ணும் ஆடாது. அலமாரி நிக்கிற இடம் மட்டமாயிடும்."

முன்ஸிஃப் குனிந்து வட்டத்தைப் பார்த்தார். "அப்ப ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் ஒரு மேடு துருத்திக்கிட்டு நிக்குமே. வர்றவன் போறவன் எல்லாம் எவன் பண்ணின வேலைன்னு கேட்பானே?"

ஷஹாத்தா படுத்தபடியே தலையைத் தூக்கினார். "ஷஹாத்தான்னு சொல்லுங்க."

முன்ஸிஃப் செருமிக்கொண்டார். வட்டம் போட வழிவிட்டுத் தன் இரண்டு கால்களையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டார். பிறகு கைகளை ஏந்தி ஃபாத்திஹாவைத் தொடங்கினார். ரபாப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையேந்தினாள். தரையில் கிடந்த ஷஹாத்தாவும் உதடசைத்து ஓதியபடி இடது கையை ஏந்திக்கொண்டு, வலது கையால் அடுத்த காலைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.