வாயு தராத அறை

காப்பிச் செடியில் எந்தெந்த மரபணுக்கள் காயைப் பழுக்கவைத்து இலையை உதிர்க்கும் எத்திலீன் வாயுவுக்கு எதிர்வினை காட்டுகின்றன என்பதுதான் என் ஆய்வு. கோவையில் எங்கள் ஆய்வகத்தின் இரண்டு அறைகளில் நாற்று வளர்த்தேன். ஓர் அறைக்கு மட்டுமே வாயு தருவேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தபோது, வாயு தராத அறையிலும் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன.

தண்ணீர் ஊற்றும் ராணியக்காவைக் கூப்பிட்டேன்.

"கேஸ் குழாயைத் தொட்டீங்களா?"

"இல்லீங்க அம்மணி, தண்ணி மட்டுந்தானுங்க ஊத்துனேன்."

"அப்ப எலை தானாப் பழுத்துப்போச்சாக்கும்?" என்று எல்லோர் முன்னும் கத்தினேன். பேராசிரியர் அவரை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மறுவாரம் அந்த அறையின் அலமாரிக்குப் பின்னால் எரிந்த ஊதுபத்திக் குச்சிகளைப் பார்த்தேன். விடுமுறைக்கு முன்னால் ஆய்வகத்தில் பூஜை போட்டபோது நான் கொளுத்தியவை. புகையிலும் எத்திலீன் உண்டு. என் அப்பா வாழை மண்டியில் தார்களுக்குப் புகை போட்டுப் பழுக்கவைத்த கூலியில்தான் நான் படித்தேன். வீட்டிலேயே முதலில் படித்தவள் என்று பெருமைப்படும் எனக்கு அது தோன்றவேயில்லை.

பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லி ராணியக்காவைத் திரும்ப வரவழைத்தேன். மாடிப்படியில் தனியாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்க" என்று சிரித்தார்.

ஆனால் இன்றும் அந்த அறை வாசலில் நின்று, "உள்ள வரலாங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைகிறார். எல்லோர் முன்னும் கத்திய நான், மன்னிப்பை மட்டும் ஏன் மாடிப்படியில் கேட்டேன்?