இரண்டடித் தயக்கம்

அப்பா என் பாடசாலைக்குத் துப்புரவு வேலைக்கு வரப்போகிறார் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கமாக வருபவருக்குச் சுகமில்லை, இரண்டு கிழமைக்கு மட்டும் என்றார். பதினாறு வயதில் இரண்டு கிழமை என்பது ஓர் ஆயுள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அங்கை என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டாதை. நானும் காட்டமாட்டன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "ஓம்" என்றேன்.

அதன் பிறகு, நோர்வேயில் எங்கள் ஊரான மோர்டென்ஸ்ருடில் இருவரும் ஏறுவது ஒரே ரயில், வேறு வேறு பெட்டிகள். அவருடைய துப்புரவு வண்டியில் ஒரு சில்லு கீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் கழிப்பறைக்குள் புகுந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அதையும் கழுவ வருவார். அத்தனை பெரிய கட்டடத்தில் எனக்கு ஒளிய இடமில்லை.

அந்த நாட்களில்தான் வகுப்பில் பேச எனக்கோர் ஐரோப்பியப் பழங்கதை கிடைத்தது. ஓர் அரசனின் வட்ட மேசை வீரர்களில் மிகப் பேர்பெற்றவன், கடத்தப்பட்ட அரசியைத் தேடிப் போகிறான். குதிரை செத்துவிடுகிறது. எதிரே, குற்றவாளிகளை ஏற்றி ஊருக்குக் காட்டும் வண்டி. ஏறினால்தான் அவள் இருக்குமிடத்தைச் சொல்வேன் என்கிறான் வண்டிக்காரன். ஏறினால் மானம் போகும். இரண்டடி எடுத்துவைக்கும் நேரம் தயங்கிவிட்டு ஏறுகிறான். கடைசியில் அரசி அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. ஏன் அந்த இரண்டடி என்கிறாள்.

உயிரைக் கொடுத்து வந்தவனிடம் அடிக்கணக்குப் பார்க்கிறாளே, இவளெல்லாம் ஒரு மனுசியா என்று முழங்கினேன். கை தட்டினார்கள்.

பாடம் முடிந்து தோழிகளோடு வெளியே வந்தேன். வாசலிலேயே அப்பா. வண்டியிலிருந்த வாளி கவிழ்ந்து அழுக்குத் தண்ணீர் எங்கும் ஓடியிருந்தது. முழங்காலில் நின்று துடைத்துக்கொண்டிருந்தார். ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். நான் நின்றேன். இரண்டு மூச்சு விடும் நேரம்தான். பிறகு குனிந்து துணியைப் பிடித்தேன்.

"அப்பா, விடுங்கோ, நான் துடைக்கிறன்." தோழிகளுக்குத் தமிழ் தெரியாது.

அவர் நிமிரவில்லை. உடைந்த நோர்வே மொழியில், "நன்றி, தேவையில்லை" என்று துணியை வாங்கிக்கொண்டார். உனக்கு இவரைத் தெரியுமா என்று தோழி என்னைக் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அவரே இல்லையென்று தலையாட்டினார்.

வீட்டில் சண்டைக்குப் போனேன். "ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்? நான் வந்தனான்தானே?"

சப்பாத்தைக் கழற்றியபடி, கோபமே இல்லாமல் சொன்னார்: "வந்தனி பிள்ளை. நிண்டு யோசிச்சுப்போட்டு வந்தனி. உனக்கு ஏன் அந்தக் கஷ்டம்?"

அரசியைப் போலக் கோபித்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். வெட்கத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

இன்னும் நான்கு நாள் மிச்சமிருந்தது. மறுநாள் காலை அவருக்குப் பின்னாலேயே முன்பெட்டியில் ஏறப் போனேன். அவர் கையை நீட்டிப் பின்பெட்டியைக் காட்டினார். நான் போய் அதில் ஏறினேன்.