வேப்பம்பலகையில் ஒரு பேஸ் பெட்டி

அந்தப் பெட்டியைச் செய்தது நான்தான். அதற்குப் பலகை எடுத்ததும் நான்தான். முதலாவதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இரண்டாவதைச் சொல்லப் பிந்திவிட்டேன். அந்தப் பிந்தலால் என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அந்த மாதங்களைப்போல நான் சந்தோஷமாக இருந்தது குறைவு.

எண்பத்து நான்காம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உரும்பிராயில் அம்மா, தங்கச்சி, நான் என்று மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். நான் பௌதிகம் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இருந்த சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், எல்லோருக்கும் நான் மாஸ்டர். சவுதியில் வேலைசெய்த அண்ணை லீவில் வந்தபோது கலர் டிவி, வீடியோ டெக், அம்பிளிஃபயர் எல்லாம் கொண்டுவந்தார். கூடவே கம்பளியில் சுற்றிய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. சோற்றுச்சட்டி அளவு வாய், பின்பக்கம் பெரிய காந்தம், இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பாரம். பாட்டிலும் படத்திலும் பேஸ் என்று வரும் அடித்தொண்டைச் சத்தத்துக்கு மட்டும் அது. பெட்டியோடு கொண்டுவர முடியவில்லையாம். “பெட்டியை நீ அடி. பௌதிகம் படிச்சதுக்கு இதையாவது செய்யன்” என்று சொல்லிவிட்டு அண்ணை திரும்பிப் போய்விட்டார்.

ஸ்பீக்கரை வெறும் மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். தகரத்தில் கல் விழுந்த சத்தம்தான் வந்தது. தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் அண்ணையை ஏமாற்றிவிட்டார்கள் என்ற முடிவு தெரிந்தது. நான் வெறும் சோடாப் போத்தல் ஒன்றை எடுத்து அதன் வாயில் ஊதிக் காட்டினேன். ‘பூ’ என்றது. கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊதினேன். சத்தம் மேலே போனது. பெட்டி என்பது பெரிய போத்தல், அதற்கு ஒரு கழுத்து வேண்டும், கழுத்தின் நீளத்தை மாற்றினால் சத்தம் மாறும் என்று விளக்கினேன். அவள் போத்தலைப் பறித்து அரை மணித்தியாலம் ஊதினாள். தலை சுற்றிக் கீழே இருந்துவிட்டு, “சரி, விளங்கீட்டுது, பெட்டியை அடியுங்கோ” என்றாள்.

கடதாசியில் கணக்குப் போட்டேன். இரண்டடி உயரம், ஒன்றரையடி அகலம், அதற்குக் கொஞ்சம் குறைந்த ஆழம். கழுத்துக்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு. கீச்சுச் சத்தத்தை வடிகட்டும் கம்பிச் சுருளுக்கு, எரிந்துபோன தண்ணீர்ப் பம்ப் மோட்டரிலிருந்து கழற்றிய செப்புக் கம்பி. பலகைதான் பிரச்சினையாக இருந்தது. கடையில் கிடைத்த பிளைவூட்டைத் தட்டினால் அதுவே அதிர்ந்தது. பெட்டிக்குள் காற்றுத்தான் அதிரவேண்டும், சுவர் அதிரக்கூடாது. ஒரு அங்குலத் தடிப்பில் நல்ல மரம் வேண்டும்.

நல்ல மரம் எங்கள் மாட்டுக்கொட்டில் பரணில் கிடந்தது. வளவின் வடக்கு மூலையில் நின்ற வேம்பு அது. தங்கச்சியின் சீதன வீட்டு நிலைக்கும் கதவுகளுக்கும் என்று அம்மா பார்த்துப் பார்த்து வளர்த்த மரம். அதைத் தறிப்பித்து, அரிவித்து, பலகைகளுக்கு இடையில் சட்டம் வைத்து அடுக்கியவர் எங்கள் தச்சு ஆசாரியார். ஒவ்வொரு பலகையின் நுனியிலும் சிவப்புப் பென்சிலால் இலக்கம் போட்டிருந்தார். வளையாமல் காயவேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாகவே வந்து பரணில் ஏறிப் பலகைகளைப் புரட்டிவிட்டுப் போவார். எண்ணிப் பார்ப்பதில்லை; அடுக்கியது அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை.

தங்கச்சியிடம் கேட்டேன்.

“என்ரை வீட்டுக் கதவைத்தானே கேக்கிறியள்? எடுங்கோ. ஆனா முதல் படம் நான் சொல்லுற படம்.”

புத்தூரில் கலியாணம் செய்திருந்த அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக அம்மா அங்கே போய் ஒரு மாதம் நின்றார். அந்த மாதத்தில் மூன்று பலகைகளை இறக்கினோம். நான் அரிந்தேன், அவள் பலகையில் ஏறியிருந்து பாரம் கொடுத்தாள். ஒட்டுவதற்கு வச்சிரப் பசை காய்ச்சிய நாற்றத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. என் கணக்கில் இருந்த அரை அங்குலப் பிழையை அவள் அளவு நாடாவால் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னை மாஸ்டர் என்று அவள் கூப்பிட்ட விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டியிருந்தது. என் தலையணைதான் போனது. வெளியே கறுத்த ரெக்சின் ஒட்டி, மூலைகளில் பித்தளைத் தகடு அடித்தோம். பெட்டிக்கு உள்பக்கம் மட்டும் வெறும் வேம்பாகவே இருந்தது.

குழாயை அங்குலம் அங்குலமாக வெட்டிக் குறைத்துச் சத்தம் பிடித்தோம். ஐந்தாவது வெட்டில் அது வந்தது. காதுக்கு வருமுன் சீமெந்து நிலத்தால் உள்ளங்காலுக்கு வந்தது. அலுமாரியில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டின. தங்கச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு விறாந்தையில் ஓடினாள். நானும் ஓடினேன். முப்பது வயது ஆசிரியன், வீட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஓடினேன்.

அம்மா திரும்பி வந்தபோது பலகை யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்கியது என்று சொன்னேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் கூடம் தியேட்டரானது. எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் படத்தின் வீடியோக் கொப்பி வாடகைக்கு எடுத்து வருவேன். ஒழுங்கை முழுவதும் பாயோடு வரும். சண்டைக் காட்சியில் முன்வரிசைக் கிழவர்கள் நெஞ்சைத் தடவிக்கொள்வார்கள். குதிரை ஓடினால் குழந்தைகள் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். பெட்டியில் முதுகு சாய்த்து இருப்பதற்குச் சண்டை நடக்கும். நாரிப்பிடிப்புக்கும் இடுப்பு வலிக்கும் நல்லது என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். “எங்கடை தம்பி கணக்குப் போட்டுச் செய்தது” என்று அம்மா வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அந்தப் பெருமையில் நான் நன்றாக நனைந்திருந்தேன். ஒரு குறை மட்டும் இருந்தது. மிகத் தாழ்ந்த சத்தம் வரும்போது பெட்டியின் ஒரு மூலை ‘கிர்’ என்றது.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடிந்தது. வீட்டு வேலை தொடங்க நாள் வைத்தார்கள். நிலைக்கு அளவெடுக்க ஆசாரியார் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். பரணில் ஏறி எண்ணினார். இறங்கி, திரும்ப ஏறி எண்ணினார். இருபத்து நான்கு இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தொன்று.

அம்மா கீழே நின்றார். பரணில் ஏறுகிற ஆள் ஆசாரியார் ஒருவர்தான் என்பது அம்மாவின் நினைப்பு. நேராக ஒன்றும் கேட்கவில்லை.

“மாடு பலகை தின்னுமெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன், ஆசாரியார்.”

அவர் அடிமட்டத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். “வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலிலை கற்பூரம் அடிக்கிறன், அம்மா. அதுக்குப் பிறகு வேலையைத் தொடுவம்” என்றார். நான் விறாந்தையில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

கற்பூரம் அடிப்பது என்றால் என்ன என்று சொல்லவேண்டும். சுவாமிக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, நான் செய்யவில்லை என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைப்பது. பொய்யன் அதற்குப் பயப்படுவான். எங்கள் ஊரில் உண்மை சொல்கிறவனும் பயப்படுவான். அடித்தவனுக்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் மாடு செத்தாலும், கற்பூரம் வேலைசெய்கிறது என்று ஊர் சொல்லும். உண்மை சொன்னவனைக்கூட அது வாழ்நாள் முழுக்க விடாது.

“நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?” என்று தங்கச்சி அன்றைக்கே கேட்டாள். நான் சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன். அம்மா வாசலில் நின்று என்னைப் பற்றிச் சொல்லும் குரல் காதில் இருந்தது. அந்தக் குரல் நின்றுவிடும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் ஆசாரியார் வீட்டுக்குப் போனேன். மரம் சீவிக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு: பெட்டி ஒரு மூலையில் கிர் என்கிறது, ஒருக்கால் வந்து பார்ப்பீர்களா என்று கேட்டேன். கோழையின் தந்திரம் அது. அவராகவே கண்டுபிடித்தால் நான் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். அவர் சீவுளியை வைத்துவிட்டு உளிப்பையை எடுத்தார்.

அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. ஆசாரியார் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். பஞ்சை எடுத்தார். டோர்ச் அடிக்கச் சொன்னார். நான் பிடித்த வெளிச்சத்தில் அவருடைய கையெழுத்தில் ஒன்பது என்ற சிவப்பு இலக்கம் தெரிந்தது. அவர் அதை விரலால் தடவினார்.

“தம்பி,” என்றார் மெதுவாக, “இதை நான் சொல்லக்கூடாது. சொன்னால், களவெடுத்தவன் மாஸ்டரிலை பழி போடுறான் எண்டுதான் வரும்.”

நான் தலையாட்டினேன். அவர் காத்திருந்தார். குசினியில் அம்மா தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. பத்தடி தூரம். நான் டோர்ச்சைப் பிடித்தபடியே நின்றேன். கடைசியில் அவர் மூலையில் ஒரு சட்டம் வைத்து இறுக்கி, பின்பலகையைப் பூட்டிவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

மறுநாள் காலை கோயிலில் அவர் கற்பூரம் அடித்தார். அம்மா முன்னால் நின்றார், நான் அம்மாவுக்குப் பின்னால். “நான் எடுக்கேல்லை” என்றார். யார் எடுத்தது என்று தெரிந்தும் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அம்மா அவரை நம்பினார். அவரைச் சந்தேகப்பட்டதை நினைத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதார்.

சனிக்கிழமை அவருடைய பெருவிரலில் உளி பட்டது. சின்னக் காயம், தச்சு வேலை செய்கிறவருக்கு வழக்கமான ஒன்று. அன்று பின்னேரமே வேலியடியில் கதை வந்துவிட்டது: பார்த்தியளே, கற்பூரம் கையைப் பிடிச்சிட்டுது. தங்கச்சி கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அம்மாவிடம் மட்டும் சொல்லி இனிப் பயனில்லை என்று விளங்கியது. ஒழுங்கைக்குச் சொல்லவேண்டும். ஒழுங்கை முழுவதும் ஒன்றாக இருக்கும் இடம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்தது. டெக்கில் கொப்பியைப் போடாமல் டிவிக்கு முன்னால் நின்றேன். பாடம் எடுப்பதுபோலத்தான் தொடங்கினேன். பிறகு திருப்புளியை எடுத்துப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, பஞ்சை இழுத்துப் போட்டு, ஒன்பதாம் இலக்கத்தை எல்லோருக்கும் காட்டினேன். மூன்று பலகையும் நான் எடுத்தது, ஆசாரியார் கற்பூரம் அடித்தது என்னாலே, அவர் கையில் பட்டது வெறும் உளி என்றேன். முன்வரிசையில் இருந்த, சுருட்டுப் பிடிக்கிற கிழவர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார்.

“அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் பிள்ளையின்ரை கதவிலையோ முதுகு சாய்ச்சனாங்கள்?”

தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். பிறகு கூடம் முழுவதும் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. எழும்பி வந்து, அத்தனை பேர் முன்னிலையிலும், முப்பத்தொரு வயது மகனின் கன்னத்தில் ஒன்று போட்டார். பிறகு சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, வெறுங்காலோடு ஆசாரியார் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் படம் பார்க்க வந்த பாதிப்பேர் வந்தார்கள். அவர் வாசலில் அம்மா கை கூப்பி நின்றார். ஆசாரியார் பதறிப்போய், தன் மனைவியிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். இருபது பேருக்கு மேல் தேத்தண்ணி. அவருடைய பெருவிரலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“சொன்னது நல்லது தம்பி,” என்றார். “நான் பெட்டியைத் திறந்த அண்டைக்குச் சொல்லியிருந்தால், கோயிலுக்குக் கற்பூரமில்லாமல் ஒரு தேங்காயோடை போயிருப்பன்.”

வீட்டுக் கதவுகளை அவரே செய்தார். குறைந்த மூன்று பலகைக்குப் பதில் பின்கதவுக்கு வேறு மரம் போட்டு, அதில் ஒரு வேறுபாடும் தெரியாமல் செய்து முடித்தார். மாப்பிள்ளை வீட்டார் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். தங்கச்சியின் கலியாணத்துக்கு முதல் நாள் ஆசாரியார் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் இருந்து படம் பார்த்தார். சத்தம் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். இந்தக் கதையில் பெரும்பங்கு சந்தோஷம்தான் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. கதவு வேலை எங்கள் வளவில் ஒரு மாதம் நடந்தது. அந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்ததும் அவர் கை கழுவிவிட்டு, “பிள்ளை, பலகையளை வந்து எண்ணுங்கோ” என்று தங்கச்சியைக் கூப்பிடுவார். முந்தி ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தேவையில்லை என்று அம்மா கெஞ்சிப் பார்த்தார். அவர் கோபமில்லாமல், புன்சிரிப்போடு, எண்ணினால்தான் போவேன் என்று நிற்பார். தங்கச்சி அதை விளையாட்டாக்கப் பார்த்தாள். பின்னாலிருந்து முன்னுக்கு எண்ணுவாள், இராகம் போட்டு எண்ணுவாள், அவரும் சிரிப்பார். எண்ணி முடித்து, சரி என்று அவள் சொன்ன பிறகுதான் உளிப்பையைத் தோளில் போடுவார்.

நான் பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்துகிற சாட்டில் யன்னலடியில் இருந்து ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.