கூப்பிடாத பெயர்

என் வீட்டுக்காரர் கௌதென்சியோவுக்கு அறுபது முடிந்த மறுவாரம் ஊர் வேலைக்கு மணி அடித்தது. எங்கள் மலையில் அதைத் தெக்கியோ என்போம். கூலி கிடையாது, வீட்டுக்கு ஓர் ஆண் போயாக வேண்டும். மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போய் நின்றார். ஊர்த்தலைவன் நோயே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். இவர் பெயர் வரவில்லை.

யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்கு ஓடிவந்து குழாயைத் திறந்தார் மனிதர். தண்ணீர் வந்தது. மூடினார், மறுபடி திறந்தார்.

"என்னய்யா ஆச்சு உமக்கு?"

"என் பேரைக் கூப்பிடல, தொமாசா. அபுந்தியோவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது!"

அபுந்தியோ ஊர் வேலைக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தவன். முதலில் அவன் பெயரைக் கூப்பிடாமல் விட்டார்கள், அப்புறம் குழாயை அடைத்தார்கள். நாளைக்கு அவன் செத்தால் குழி வெட்ட ஒருத்தரும் வரமாட்டார்.

"நான் என்னடி தப்புப் பண்ணேன்?"

எனக்கு என்ன தெரியும்? ஊர்க்கூட்டத்தில் தூங்குவதைத் தவிர அவர் ஒரு தப்பும் செய்ததில்லை. "போய்க் கேளுமே" என்றால், "கேட்டா ஆமான்னு சொல்லிட்டா?" என்கிறார். நானும் குழம்பிப் போனேன்.

அடுத்த மணி அடித்த அன்று காலையில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் தண்ணீர் விடும் மேட்டுத் தொட்டிக்கு ஓட, நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே தொட்டியை வடித்துவிட்டுப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கழுவத்தான் தண்ணிய நிறுத்தினோம், மாமா" என்றான் நோயே. "அறுபது ஆனவங்களை வேலையிலேர்ந்து விட்டுடலாம்னு போன கூட்டத்துல முடிவு பண்ணோமே! நீங்களும் கை தூக்கினீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். பாவி மனுஷன், தூக்கத்திலேயே கை தூக்கியிருக்கிறார்!

இவர் மட்டும் சிரிக்கவில்லை. "அபுந்தியோ பேரையும் கூப்பிடல, என் பேரையும் கூப்பிடல. அப்போ நான் யாருடா?"

நோயே தலையைச் சொறிந்தான். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டான். "கௌதென்சியோ!"

"இருக்கேன்!" என்று தொட்டிக்குள் கால் வைக்கப் போனார்.

"போதும் மாமா. வீட்டுக்குப் போங்க."

போவதா நிற்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு கையிலும் ஏந்தினார், குடிக்கவில்லை.

"குடியுமய்யா, நம்ம தண்ணிதான்."

"நான் கழுவாத தொட்டித் தண்ணி, தொமாசா" என்றார். விரலிடுக்கில் அது ஒழுகிக்கொண்டே இருந்தது.