வேப்பிலை கட்டாத வாசல்

என் தங்கச்சி மகனுக்குக் காது கேட்காது. இப்போது ஆறு வயது. அதற்குக் காரணம் நான் என்பது எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஆமத்தூர்க்காரி. பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்துகிற வேலை. பட்டாசுக்குள் போகிற பொடியைத்தான் நாங்கள் மருந்து என்போம். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வேனில் பத்தாவது முடித்தவள் நான் ஒருத்தி என்பதால், பேங்க் கடிதமோ பள்ளிக்கூடத்து நோட்டீஸோ எல்லாம் என் மடிக்குத்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

என் மகள் நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி, எல்லாப் பிள்ளைகளுக்கும் போடப் போகிறோம் என்று இருந்தது. அதே வாரம் வேனில் ஒருத்தியின் போனுக்கு வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. யாரோ ஒருவன், டாக்டர் மாதிரி அதட்டலாகப் பேசினான். அந்த ஊசி போட்ட பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பின்னால் கரு தங்காதாம்.

"நீங்க என்ன சொல்றீக?" என்று வேனே என்னைப் பார்த்தது.

"போடாதீக" என்றேன்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் இல்லை நான். ஆனால் அப்போது என் தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. வளைகாப்பு வீடுகளில் அவளை ஓரமாக ஒதுக்கி வைப்பதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அந்த நிலைமை என் மகளுக்கும் வந்துவிடக் கூடாது என்று, ஊசி போடுகிற அன்றைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி அவளை வீட்டில் நிறுத்திவிட்டேன். என் பேச்சைக் கேட்டு வேனில் எத்தனை பேர் நிறுத்தினார்கள் என்று இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம்.

அடுத்த வருஷம், தீபாவளி சீசன். மகளுக்கு முகத்திலும் கழுத்திலும் பொடிப்பொடியாய்ச் சிவந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன், மருந்து அரிப்பு என்று. எங்கள் சேலையில் ஒட்டிவரும் பொடி பட்டுப் பிள்ளைகளுக்குத் தடிப்பது இங்கே சாதாரணம். தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு வேனுக்கு ஓடினேன்.

அம்மை என்று தோன்றியிருந்தால் வாசலில் வேப்பிலை கட்டியிருப்பேன். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள், வயிற்றுப் பிள்ளைக்காரி அந்தத் தெருப்பக்கமே வரமாட்டாள். என் வாசல் வெறுமனே கிடந்தது. மறுநாள் தங்கச்சி விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். நாள் தள்ளிப்போய்விட்டது, டாக்டரும் உறுதி சொல்லிவிட்டார், மாமியாருக்குக்கூடச் சொல்லாமல் எனக்குச் சொல்ல வந்திருந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். நாலு நாள் தங்கினாள். என் மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். அவள் ஊருக்குக் கிளம்புவதற்குள் மகளின் தடிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

பையன் பிறந்து மூன்று மாதத்தில் என் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அன்றைக்குக் கம்பெனிப் பொட்டலில் புது வெடி ஒன்றை வெடித்துப் பார்த்தார்கள். அடுக்களையில் பாத்திரம் அதிர்ந்தது. தெருவில் குழந்தைகள் வீறிட்டன. இவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எம்புட்டுச் சமத்து பாத்தியாக்கா" என்றாள்.

நான் அவன் காதுக்குப் பக்கத்தில் கை தட்டிப் பார்த்தேன்.

மதுரையில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ரூபெல்லா என்றார். பிள்ளைகளுக்கு வந்தால் மூன்று நாள் தடிப்போடு போய்விடுமாம். வயிற்றிலிருக்கும் கருவுக்கு வந்தால் காதையோ கண்ணையோ இதயத்தையோ கெடுத்துவிட்டுத்தான் போகுமாம். இது வராமல் தடுக்க ஊசி இருக்கிறது என்றும் சொன்னார்.

"மாசமா இருந்தப்ப பக்கத்துல யாருக்காவது தடிப்பு, காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லையே சார்" என்றாள் தங்கச்சி. அவளைப் பொறுத்தவரை அது மருந்து அரிப்பு. சொன்னது அக்கா ஆயிற்றே. ரூபெல்லா என்ற அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்துத் தாளில் வாசித்தவள் நான். வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "யக்கா, டாக்டர் சொன்ன ஊசி உன் மகளுக்குப் பள்ளிக்கூடத்துலயே போட்டிருப்பாகள்ல?"

"போட்டாகடி."

"அது போதும்க்கா. நம்ம வீட்டுல ஒண்ணாவது தப்பிச்சுச்சே." என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மறுவாரமே மகளைக் கூட்டிப்போய் யாருக்கும் தெரியாமல் ஊசி போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். தன் வினை தன்னைச் சுடும் என்கிறார்கள். சுட்டால் நன்றாக இருந்திருக்கும். என் மகள் நன்றாக இருக்கிறாள், பாட்டுக்கூடப் பாடுகிறாள். அவள் பாடும்போது தங்கச்சி ரசித்துக் கேட்பாள். நான் எழுந்து போய்விடுவேன்.

பையன் இப்போது பேச்சுப் பயிற்சிக்குப் போகிறான். எதிரே இருப்பவர் வாயைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று பிடிக்கப் பழக்குகிறார்கள். என் வீட்டுக்கு வந்தால் மடியில் ஏறி உட்கார்ந்து, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயையே பார்க்கிறான். சாப்பிட்டியா, தூங்கினியா, தோசை வேணுமா என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிறுத்தினால் விடமாட்டான். இன்னும் சொல்லு என்று கன்னத்தைத் தட்டுகிறான்.