சப்பை மூக்குக்காரி

கல்யாணமாகி நான் திருவள்ளூருக்கு வந்த புதிதில் என் கணவர் வீட்டுப் பின்கட்டில் சீமை எலி வளர்த்தார். மதராஸில் மருந்து சோதிக்கும் ஓர் இடத்துக்கு அவற்றைக் கூடையில் போட்டு ரயிலில் அனுப்புவார். கினிப் பன்றி என்று அங்கே சொல்வார்களாம். எனக்கு அவை எலியாகவும் தெரியவில்லை, பன்றியாகவும் தெரியவில்லை.

ஒரு ஈற்றில் பிறந்த பெண்குட்டிக்கு முகம் தட்டையாக இருந்தது, யாரோ கட்டைவிரலால் மூக்கை உள்ளே அமுக்கிவிட்ட மாதிரி. மூச்சு விடும்போதெல்லாம் கொர்ரென்று சத்தம் வரும்.

"இது தேறாது. அங்க எடுத்துக்க மாட்டாங்க" என்றார் அவர்.

"எனக்குக் குடுங்க."

"வச்சிக்கினு இன்னா பண்ணப்போற?"

என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வாய் புல் தின்னும், நிறுத்தும், தலையைத் தூக்கி மூச்சு வாங்கும், பிறகு அடுத்த வாய். அது படும் பாட்டைப் பார்த்த பிறகு விட மனம் வரவில்லை.

மழைக்காலத்தில் மூக்கு அடைத்துக்கொண்டு வயிறு தூக்கித் தூக்கிப் போட்டது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என் காதிலும் மாட்டினார். தையல் மெஷின் ஓடுவது போல இதயம் அடித்தது. அதற்கு மேலே, ஓட்டைப் புல்லாங்குழலில் ஊதுவது போல மூச்சு.

"இதுக்கு வாயால மூச்சு வாங்க வராதும்மா. மூக்கு ஒண்ணுதான் வழி. வைக்கோல் தூசி ஆகாது, துணி போடு. மூக்கைத் தொடச்சிக்கினே இரு. ஆணோட மட்டும் சேத்துடாத, பிரசவம் தாங்காது."

துணி போட்டேன், மூக்கைத் துடைத்தேன். ஆனால் கடைசியாகச் சொன்னதற்குக் காலம் கடந்திருந்தது; அதுவரை எல்லாம் ஒரே கூண்டில்தான் இருந்தன. கொஞ்ச நாளில் வயிறு பெருத்து, மூச்சுச் சத்தம் இன்னும் கூடியது. செத்துவிடும் என்றே நினைத்தேன்.

ஒரு காலையில் தண்ணீர் பிடிக்கப் போனவள் கூண்டருகே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே குட்டி. அதன் முகத்தை ஜவ்வு மூடியிருந்தது. தாய் ஜவ்வைக் கடித்து இழுத்தாள். நிறுத்தி, தலையைத் தூக்கி, கொர் கொர்ரென்று மூச்சு வாங்கினாள். மறுபடி குனிந்தாள். தனக்கே மூச்சு போதாதவள், குட்டியின் மூக்கைத்தான் முதலில் திறந்துவிட்டாள்.

குட்டி கண்ணைத் திறந்துகொண்டே பிறந்திருந்தது. உடம்பு நிறைய முடி. ஈரம் காய்வதற்குள் எழுந்து நடந்தது. எடுத்துக் காதருகே வைத்தேன். சத்தமே இல்லை. பயந்துபோனேன். அப்புறம்தான் வெதுவெதுப்பாக ஒரு காற்று காதில் பட்டது. மூக்கு நீளமாக, ஒழுங்காக இருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். வந்து குந்தினார். குட்டியை வாங்கித் தன் காதிலும் வைத்துப் பார்த்தார்.

"இத்த அனுப்ப வாணாம்" என்றார். "ரெண்டும் இங்கியே இருக்கட்டும்."

தாய் அடுத்த மழைக்காலத்தையும் தாண்டினாள்.